சித்தப்பாவே மாமனார்: மிலானின் விஸ்கோன்டி குடும்ப மரத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

வட இத்தாலியில் மிலானை ஆண்ட விஸ்கோன்டி குடும்பத்து ஜியான் கலியாட்சோ 1380 அக்டோபரில் கத்தரீனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கத்தரீனா அவருடைய சொந்தச் சித்தப்பா பெர்னபோவின் மகள். ஐந்து வருடம்கூட ஆகவில்லை, 1385 மே மாதம் அதே பெர்னபோவைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டு மிலான் முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்தார். இடைக்கால இத்தாலிய வரலாற்றைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி ஓர் இடத்தில்தான் திணறி நின்றுவிடுகிறார்கள். பத்துப் பக்கத்துக்குள் முப்பது பெயர், அதில் பாதி ஒரே பெயர், யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடாது. நானும் இரண்டு தடவை பாதியில் மூடி வைத்திருக்கிறேன். மூன்றாவது தடவை ஒரு பெரிய சார்ட் தாளை எடுத்து, உறவுகளை எல்லாம் தமிழ் முறைப் பெயரில் எழுதினேன். அப்போதுதான் இந்தக் குடும்பத்தின் அரசியல் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன், எடுத்துக்காட்டாக ஜியான் கலியாட்சோவையே வைத்துக்கொண்டு.

படி 1: நடுவில் ஒரே ஓர் ஆள்

குடும்பம் முழுவதையும் ஒரே நாளில் வரையப் பார்க்காதீர்கள். ஓர் ஆளை நடுவில் எழுதி, மேலே இரண்டு தலைமுறை, கீழே இரண்டு தலைமுறை, அவ்வளவு போதும்.

நம் ஆள் 1351இல் பிறந்து 1402 செப்டம்பரில் மெலெஞ்ஞானோவில் இறந்தவர். அப்பா இரண்டாம் கலியாட்சோ. அம்மா சவோய் குடும்பத்துப் பியாங்கா. தாத்தா ஸ்தெஃபானோ விஸ்கோன்டி, பாட்டி ஜெனோவாவின் டோரியா வீட்டுப் பெண் வலென்டினா. தாத்தாவுக்கு மூன்று மகன்கள்: மத்தேயோ, கலியாட்சோ, பெர்னபோ. குடும்பத்தின் சொத்தையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தவர் தாத்தாவின் தம்பியான பேராயர் ஜொவான்னி. அவர் 1354இல் இறந்ததும் மூன்று பேரும் ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். மத்தேயோ அடுத்த வருடமே இறந்துவிட்டார். மேற்குப் பக்கம் கலியாட்சோவுக்கு, கிழக்குப் பக்கம் பெர்னபோவுக்கு, மிலான் நகரம் இருவருக்கும் பொது. கலியாட்சோ பின்னால் பாவியாவில் போய் அரண்மனை கட்டிக்கொண்டார், பெர்னபோ மிலானிலேயே இருந்தார்.

இதை இப்படியே தாளில் எழுதினால் மேல்பகுதி முடிந்தது. இரண்டு பங்காளி வீடு, நடுவில் ஒரு பொதுச் சொத்து. இதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கல்யாணத்தையும் இந்தப் பங்காளிக் கணக்கை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: பெயர்களைப் பிரித்து வையுங்கள்

இந்தக் குடும்பத்தில் தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் உறுதியாக இருந்தது, அதனால் ஒரே காலத்தில் ஒரே பெயரில் பலர். வலென்டினா மட்டும் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் பாட்டி, டோரியா வீட்டுப் பெண். அடுத்தவர் பெர்னபோவின் மகள், சைப்ரஸ் மன்னர் இரண்டாம் பீட்டரைக் கட்டிக்கொண்டு அரசியானவர். மூன்றாமவர் ஜியான் கலியாட்சோவின் மகள், பிரான்ஸுக்குப் போய் ஓர்லியான் கோமகளானவர். ஒரு தடவை நான் சைப்ரஸ் அரசியையும் ஓர்லியான் கோமகளையும் ஒரே ஆளாக நினைத்து ஒரு மாதம் தப்பான மரம் வரைந்து வைத்திருந்தேன். அதனால் எந்தப் பெயரையும் தனியாக எழுதாதீர்கள். பெயர், அப்பா பெயர், கட்டிக்கொடுத்த ஊர், மூன்றும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். இந்தப் பெண்கள் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. பெர்னபோவின் மனைவி வெரோனாவை ஆண்ட டெல்லா ஸ்காலா குடும்பத்துப் பெண். சாகும்வரை அவர் ரெஜினா டெல்லா ஸ்காலாதான். இது படிப்பவர்களுக்குப் பெரிய உதவி, பெயரைப் பார்த்தாலே பிறந்த வீடு தெரிந்துவிடும். அதேபோல் ஆண்பிள்ளைகளின் பெயரில் 'மரியா' என்று வந்தால் குழம்ப வேண்டாம், கன்னி மரியாவுக்கு நேர்ந்துகொண்ட பெயர் அது. ஜியான் கலியாட்சோவின் பிந்தைய பிள்ளைகள் ஜொவான்னி மரியா, ஃபிலிப்போ மரியா என்று பெயர் பெற்றது அப்படித்தான்.

நூறு வருடம் கழித்து ஜியான் கலியாட்சோ ஸ்ஃபோர்சா என்று இன்னொருவர் வருவார். அவர் நம் ஆளின் எள்ளுப்பேரன். தேடும்போது இருவரையும் கலந்துவிடாதீர்கள்.

படி 3: உறவைத் தமிழில் எழுதுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம். இத்தாலிய மொழியில் 'ட்சியோ' என்றால் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர் எல்லாரும்தான். 'நிப்போத்தே' என்றால் அண்ணன் மகனும் அதுதான், பேரனும் அதுதான். ஆங்கிலப் புத்தகமும் 'கசின்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடும். பழைய லத்தீனில் அப்பாவின் சகோதரனுக்கு 'பட்ரூஸ்', அம்மாவின் சகோதரனுக்கு 'அவுங்குலுஸ்' என்று தனித்தனிச் சொல் இருந்தது, ஆனால் இடைக்கால ஆவணங்களில் அந்த வேறுபாட்டை எப்போதும் நம்ப முடியாது.

நம் மொழியில் சித்தப்பா மகள் வேறு, மாமன் மகள் வேறு. சித்தப்பா என்று எழுதினாலே அப்பா வழி, அப்பாவுக்கு இளையவர், பங்காளி என்ற மூன்று செய்தி உள்ளே இருக்கிறது. ஆகவே புத்தகத்தில் 'கசின்' என்று பார்த்ததும் அப்படியே நகராமல், எந்த வழி என்று கண்டுபிடித்துத் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். ஜியான் கலியாட்சோவும் கத்தரீனாவும் 'கசின்கள்' என்று படிக்கும்போது ஒன்றும் உறைக்காது. சித்தப்பா மகள் என்று எழுதியவுடன் நிமிர்ந்து உட்காருவீர்கள், ஏனென்றால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெண் தங்கை முறை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் முறை நம்முடையது. எது கட்டும் முறை, எது கட்டாத முறை என்ற தீர்ப்பை அவர்கள்மேல் ஏற்றிவிடக் கூடாது. அதற்கு அவர்களிடம் வேறு கணக்கு இருந்தது.

படி 4: திருச்சபையின் கணக்கு

1215இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம், இரத்த உறவில் நான்காம் படிவரை கல்யாணம் கூடாது என்று வகுத்தது. அதற்கு முன்னால் ஏழாம் படிவரை தடை இருந்தது. எண்ணுவது எளிது. இருவருக்கும் பொதுவான முன்னோர்வரை எத்தனை தலைமுறை ஏற வேண்டும் என்று பாருங்கள். ஜியான் கலியாட்சோவிலிருந்து ஸ்தெஃபானோவரை இரண்டு, கத்தரீனாவிலிருந்தும் இரண்டு, ஆகவே இரண்டாம் படி. மாமன் மகளாக இருந்தாலும் சித்தப்பா மகளாக இருந்தாலும் திருச்சபைக்கு ஒரே படிதான், ஒரே தடைதான். மனைவி இறந்தபின் மனைவியின் நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதற்கும் தடை உண்டு, ஞானஸ்நானத்தில் கைதொட்ட ஞானப் பெற்றோர் உறவுக்கும் தடை உண்டு.

தடை என்றால் முடியாது என்று பொருளில்லை. போப்பாண்டவரிடம் விலக்கு வாங்கலாம். ஐரோப்பாவின் பெரிய வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நான்காம் படிக்குள் சிக்கிக் கிடந்ததால் விலக்கு இல்லாமல் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது. அதுவும் 1378இலிருந்து ரோமில் ஒரு போப், அவிஞ்ஞோனில் ஒரு போப் என்று திருச்சபை பிளந்து கிடந்தது, ஆகவே யாரிடம் விலக்கு கேட்பது என்பதே யார் பக்கம் நிற்கிறோம் என்று காட்டிக்கொள்வதாக ஆனது. ஒரு கல்யாணத்தைப் பதியும்போது படி எண்ணைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் நான்குக்குள் இருந்தால், விலக்கு வாங்கும் சிரமத்தையும் தாண்டி இதைச் செய்திருக்கிறார்களே, காரணம் என்ன என்று கேளுங்கள்.

படி 5: ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தேதி, சீதனம், பிள்ளைகள்

முதல் மனைவி இசபெல், பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஜானின் மகள். 1360இல் கல்யாணம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, மாப்பிள்ளைக்கு ஒன்பதுகூட நிறையவில்லை. ஒரு மன்னர் மகள் மிலான் பிரபுவின் சிறு பையனுக்கு எப்படிக் கிடைத்தாள்? 1356இல் புவாத்தியே போரில் அவளுடைய அப்பா ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1360 உடன்படிக்கையில் அவரை விடுவிக்க முப்பது லட்சம் பொற்காசு பேசப்பட்டது. பிரான்ஸிடம் பணம் இல்லை, விஸ்கோன்டியிடம் பணம் இருந்தது, ஆனால் அரச இரத்தம் இல்லை. இரண்டு பக்கமும் இல்லாததை வாங்கிக்கொண்டார்கள். சீதனமாக வந்த சிறிய நிலத்தை மாற்றி ஷாம்பேன் பகுதியில் வெர்த்யூ என்ற ஊரைப் பெற்றார்கள், அதனால்தான் ஜியான் கலியாட்சோவை இத்தாலியர்கள் 'கோந்தே டி விர்த்து' என்று அழைத்தார்கள். விர்த்து என்றால் அறம், நற்குணம். ஆனால் அது குணத்தைப் பார்த்துக் கொடுத்த பட்டமில்லை, மனைவி வழியில் வந்த ஊர்ப் பெயர்.

இசபெல் 1372இல் பிரசவத்தில் இறந்தாள். ஆண்பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகச் சிறுவயதிலேயே போய்விட்டார்கள், கடைசியாக 1381இல் அட்சோனே. மிஞ்சியது ஒரே மகள் வலென்டினா. அந்த 1381ஐ அடிக்கோடிட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடையில் நின்றுபோன சம்பந்தம் ஒன்று உண்டு. சிசிலியின் இளம் அரசி மரியாவை ஜியான் கலியாட்சோவுக்குக் கட்டிவைக்க அங்கே ஆட்சியை நடத்திய அர்த்தாலே அலகோனா பேசி முடித்திருந்தார். 1379இல் எதிரணிப் பிரபு ஒருவர் கத்தானியா கோட்டையிலிருந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், பேச்சு அத்தோடு நின்றது. நடக்காத கல்யாணங்களையும் புள்ளிக்கோட்டில் வரையுங்கள். அதுதான் அந்த ஆள் எந்தத் திசையில் கை நீட்டினார் என்பதைக் காட்டும். சிசிலி கைநழுவியதற்கு அடுத்த வருடமே அவர் திரும்பிச் சித்தப்பா வீட்டுக்குள் பெண் எடுத்தார்.

அந்த 1380 கல்யாணத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. கத்தரீனா இந்த வீட்டுக்கு வர, அடுத்த வருடம் ஜியான் கலியாட்சோவின் தங்கை வியோலாந்தே அந்த வீட்டுக்குப் போனாள், பெர்னபோவின் மகன் லுதோவிக்கோவுக்கு மனைவியாக. பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அப்பா கலியாட்சோ 1378இல் இறந்திருந்தார், பாவியாவில் இருந்த இளைய பிரபுவை மருமகனாகக் கட்டிப்போட்டால் முழுச் சொத்தும் ஒருநாள் தன் பிள்ளைகள் பக்கம் வந்துவிடும் என்று பெர்னபோ கணக்குப் போட்டிருப்பார் என்பது என் எண்ணம். பங்காளி சம்பந்தியும் ஆனபின் சண்டை வராது என்ற நம்பிக்கை.

1385 மே மாதத் தொடக்கத்தில், வரேசே பக்கத்து மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பெரிய காவல்படையோடு ஜியான் கலியாட்சோ பாவியாவிலிருந்து புறப்பட்டார். மருமகன் மிலான் வழியாகப் போகிறாரே என்று வரவேற்க வெளியே வந்த பெர்னபோவும், கூட வந்த இரண்டு மகன்களும் அங்கேயே பிடிபட்டார்கள். அந்த மகன்களில் ஒருவர் லுதோவிக்கோ, வியோலாந்தேயின் கணவர். தங்கை கணவனையே சிறை வைத்திருக்கிறார். பெர்னபோ அதே ஆண்டு டிசம்பரில் திரெட்சோ கோட்டையில் இறந்தார், விஷம் வைத்தார்கள் என்று அன்றைக்கே பேச்சு. கத்தரீனா கணவனோடு தொடர்ந்து வாழ்ந்து, இரண்டு மகன்களைப் பெற்று, 1402இல் கணவன் இறந்தபின் மகனுக்காக ஆட்சியையும் நடத்தினாள். அப்பாவைப் பறிகொடுத்த அந்த டிசம்பரை அவள் எப்படிக் கடந்தாள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனத்துப்போகிறது.

தேதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் ஜனவரி 1 அன்று ஆண்டு பிறக்கவில்லை. மிலானில் கிறிஸ்துமஸ் அன்று, ஃபுளோரன்ஸில் மார்ச் 25 அன்று, வெனிஸில் மார்ச் 1 அன்று, பாரிஸில் ஈஸ்டர் அன்று. ஆகவே நாம் 1387 ஜனவரி என்று சொல்வதை பாரிஸ் ஆவணம் 1386 என்று எழுதும். இரண்டு புத்தகத்தில் ஒரு வருட வித்தியாசம் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அப்புறம், கல்யாணம் என்பது ஒரே நாள் சடங்கு இல்லை: ஒப்பந்தம், ஆள் வைத்து நடத்தும் சடங்கு, பெண் புறப்படும் நாள், நேரில் நடக்கும் கல்யாணம் என்று இரண்டு மூன்று வருடம்கூட நீளும். புத்தகத்துக்கு ஒரு தேதி எடுத்துக்கொள்வார்கள்.

படி 6: பெண்களின் கோட்டை விடாதீர்கள்

புதிதாக வரைபவர்கள் செய்யும் பெரிய தவறு, மகள்களின் பெயரை எழுதிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவது. விஸ்கோன்டி வீட்டுக் கதை முழுவதும் மகள்கள் வழியாகத்தான் ஓடுகிறது.

பெர்னபோவுக்கும் ரெஜினாவுக்கும் பதினைந்து பிள்ளைகள். வீரிதிஸ் ஆஸ்திரியக் கோமகன் மூன்றாம் லியோபோல்டுக்கு, தத்தேயா பவேரியாவின் மூன்றாம் ஸ்டீபனுக்கு, அந்தோனியா வூர்ட்டம்பர்க் பிரபுவுக்கு, ஆக்னேசே மாந்துவாவின் ஃபிரான்செஸ்கோ கொன்சாகாவுக்கு என்று ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெண் கொடுத்து வைத்திருந்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளையும் அவர் வீணாக்கவில்லை, அப்படிப் பிறந்த தொன்னினாவை 1377இல் ஆங்கிலக் கூலிப்படைத் தலைவர் ஜான் ஹாக்வுட்டுக்குக் கட்டிக்கொடுத்தார். இந்தப் பிள்ளைகளையும் மரத்தில் போடுங்கள், வேறு நிற மையில்.

ரெஜினாவின் பிறந்த வீட்டையும் மறக்க வேண்டாம். வெரோனாவில் அவளுடைய சகோதரன் கன்சிஞ்ஞோரியோ 1375இல் முறையான வாரிசு இல்லாமல் இறந்தபோது, நான்தான் நேர் வாரிசு என்று அவள் உரிமை கேட்டாள், அதற்காகப் பெர்னபோ போரே நடத்தினார். 1387இல் ஜியான் கலியாட்சோ வெரோனாவைப் பிடித்தபோது கத்தரீனா வழியாக வந்த அதே உரிமையைத்தான் எடுத்துக் காட்டினார். கவிழ்த்தது மாமனாரை, பயன்படுத்தியது மாமியார் வீட்டு உரிமையை.

வியோலாந்தேயின் கதை தனி. 1368இல் ஆங்கில மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலுக்கு மிலானில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள், அந்த விருந்தைப் பற்றி ஐரோப்பா முழுவதும் பேசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் லயனல் அல்பாவில் இறந்தார். அடுத்துக் கட்டிய மொன்ஃபெராத்தோ பிரபு செகொந்தோத்தோ 1378இல் கொல்லப்பட்டார். மூன்றாவதுதான் லுதோவிக்கோ. அவளும் 1386இல் இறந்துவிட்டாள், முப்பத்திரண்டு வயதுக்குள் இவ்வளவும்.

இப்போது வலென்டினாவுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாக வரையுங்கள். 1387இல் பிரான்ஸ் மன்னர் ஆறாம் சார்லஸின் தம்பி லூயியோடு ஒப்பந்தம். சீதனம் ஆஸ்தி நகரமும் நாலரை லட்சம் ஃபுளோரின் பொற்காசும். கூடவே ஒரு நிபந்தனை: ஜியான் கலியாட்சோவின் ஆண்வாரிசு அற்றுப்போனால் மிலான் உரிமை வலென்டினாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும். 1381ஐ அடிக்கோடிடச் சொன்னேன் அல்லவா? ஒப்பந்தம் எழுதிய அன்று அவருக்கு முறைப்படி இருந்த பிள்ளை அவள் ஒருத்திதான். 1388இல் கத்தரீனாவுக்கு ஜொவான்னி மரியா பிறந்தான். 1389 கோடையில்தான் வலென்டினா புறப்பட்டாள், ஆகஸ்டில் மெலூனில் கல்யாணம்.

உறவை எழுதிப் பாருங்கள். லூயியின் அப்பா ஐந்தாம் சார்லஸ், இசபெல்லின் உடன்பிறந்தவர். அப்படியானால் லூயி வலென்டினாவுக்குத் தாய்மாமன் மகன், நம் கணக்கில் அசல் முறை மாப்பிள்ளை! ஆறாம் சார்லஸின் மனைவி இசபோவோ தத்தேயாவின் மகள், பெர்னபோவின் பேத்தி. தத்தேயா வலென்டினாவுக்கு அப்பா வழியில் அத்தை முறை, சிற்றன்னை கத்தரீனா வழியில் பெரியம்மா முறை. ஆகவே இசபோ ஒரு வழியில் அத்தை மகள், இன்னொரு வழியில் சகோதரி, புகுந்த வீட்டில் ஓரகத்தி. இசபோவின் கல்யாணம் 1385 ஜூலையில் நடந்தது, அவளுடைய தாத்தா பிடிபட்டு இரண்டே மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாத்தாவைச் சிறை வைத்தவரின் மகளே ஓரகத்தியாக வந்து இறங்கினால் அந்த அரண்மனையில் காற்று எப்படி இருந்திருக்கும்? 1392இல் ஆறாம் சார்லஸுக்குப் புத்தி பிசகியபோது வலென்டினாதான் சூனியம் வைத்தாள் என்று பழி கிளம்பியது, 1396இல் அவள் அரண்மனையை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 'கசின்' என்ற சொல்லோடு நின்றிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

படி 7: கோட்டைக் கீழே இழுங்கள்

இரண்டு தலைமுறை போதும் என்றேன், ஆனால் இந்த மரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். ஜொவான்னி மரியா 1412இல் மிலானில் கொலை செய்யப்பட்டார். தம்பி ஃபிலிப்போ மரியா 1447இல் ஆண்வாரிசு இல்லாமல் இறந்தார். அவருக்கு ஒரே மகள் பியாங்கா மரியா, ஆக்னேசே டெல் மைனோ என்ற துணைவிக்குப் பிறந்தவள். 1441இல் கிரெமோனாவைச் சீதனமாகக் கொடுத்துப் படைத்தலைவர் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவுக்கு அவளைக் கட்டிவைத்திருந்தார்கள். 1450இல் ஸ்ஃபோர்சா மிலானின் கோமகன் ஆனார். ஆனால் 1387 ஒப்பந்தத்தின் நிபந்தனை பிரான்ஸில் பத்திரமாக இருந்தது. வலென்டினாவின் பேரன் பன்னிரண்டாம் லூயி பிரான்ஸின் மன்னரானதும் 1499இல் படையோடு வந்து பியாங்கா மரியாவின் மகன் லுதோவிக்கோ ஸ்ஃபோர்சாவைத் துரத்தினார்.

தாளில் இரண்டு கோட்டையும் மேலே இழுத்துப் பாருங்கள். லூயியும் ஜியான் கலியாட்சோவின் கொள்ளுப்பேரன், லுதோவிக்கோவும் அவருடைய கொள்ளுப்பேரன். ஒருவர் மகள் வழி, இன்னொருவர் மகன் வழி.

இது கைவந்தபின் அடுத்த தாளின் நடுவில் மாந்துவாவின் ஃபிரான்செஸ்கோ கொன்சாகாவை எழுதுங்கள். அவருடைய முதல் மனைவி ஆக்னேசே, மேலே சொன்ன பெர்னபோவின் மகள், கத்தரீனாவின் உடன்பிறந்தவள், ஆகவே ஜியான் கலியாட்சோவும் கொன்சாகாவும் சகலை. 1391இல் சோரம் போனாள் என்று குற்றம் சாட்டி ஆக்னேசேயின் தலையைக் கொன்சாகா வெட்டச் செய்தார். அப்பா பெர்னபோ உயிரோடும் அதிகாரத்தோடும் இருந்திருந்தால் அதைச் செய்யத் துணிந்திருப்பாரா என்ற கேள்வியைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.